அடிக்குறிப்பில் ஓர் எண்ணெய்

இலக்கிய நண்பர்கள் கூடும் இடத்தில் ஒரு காரின் பின்னச்சுக்கு ஊற்ற வேண்டிய எண்ணெயைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தொல்காப்பியமும் உரைநூல்களும் நடத்திப் பிழைக்கிறவன். கல்லூரிக்குப் பேருந்தில் போய் வந்துகொண்டிருந்தேன், இப்போது ஸ்கூட்டரில் போகிறேன். என் இயந்திர அறிவின் எல்லை அவ்வளவுதான். ஆயினும் வாசிப்பு என்பது எங்கெல்லாம் தேவைப்படுகிறது, எங்கெல்லாம் அது இல்லாமற்போய்ப் பணமும் மனமும் வீணாகின்றன என்பதை ஒரு வகுப்பறையிலும் உணராத அளவுக்கு ஒரு காரின் அடியில் படுத்துக்கொண்டு உணர்ந்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

2019-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், தங்கையின் பிரசவத்தை முன்னிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குச் சென்றிருந்தேன். தங்கையின் கணவர் அங்கே பொறியாளர். டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் வாழ்கிற நம்மவர்களுள் பலரைப்போல அவருக்கும் கார்தான் தொழில், கார்தான் பேச்சு. அவரிடம் 2006-ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்று இருந்தது. மாணவராக வந்த நாளில் சாலையில் பார்த்து ஏங்கிய வண்டியை, வேலை கிடைத்துப் பல ஆண்டுகள் கழித்து, இரண்டாம் கையில் வாங்கியிருந்தார். முன்பக்கத்தில் எட்டு சிலிண்டர் எஞ்சின். ஆனால் உந்துவது பின்சக்கரங்கள். அவர்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஃபிளாட் ராக் என்ற ஊரில் இருக்கும் தொழிற்சாலையில் செய்யப்பட்ட வண்டி அது.

நாங்கள் போய் இறங்கியபோது அந்த வண்டியைப் பற்றி வீட்டில் ஒரு மௌனச் சண்டை நடந்துகொண்டிருந்தது. மெதுவாகத் திரும்பும்போது, அதாவது வாகன நிறுத்தத்தில் வளைத்து நிறுத்தும்போதும் தெருமுனையில் திரும்பும்போதும், பின்னாலிருந்து ஒரு முனகல். முனகல் என்பதுகூடச் சரியில்லை. வண்டி முழுதும் கடகடவென்று நடுங்கியது. நேராகப் போனால் ஒன்றுமில்லை. ஒரு பணிமனையில் காட்டியிருக்கிறார். டிஃபரன்ஷியலே போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும், ஆயிரத்து எண்ணூறு டாலர் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குழந்தை பிறக்கப் போகும் வீட்டில் அது சிறிய தொகையன்று. "ரெண்டு கதவு வச்ச வண்டியில கொழந்தைய எப்படிண்ணா ஏத்தி இறக்குறது? கிடைச்ச விலைக்கு வித்துட்டு வேற வேலையப் பாருங்கன்னு சொல்றேன், கேட்க மாட்டேங்கிறார்" என்று தங்கை என்னிடம் முறையிட்டாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. நடுங்குகிற வண்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். "மச்சான், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?" என்று மட்டும் கேட்டார். போனோம். முதல் திருப்பத்திலேயே எனக்கு என் தாத்தாவின் வில்வண்டி நினைவு வந்துவிட்டது.

அந்த ஒப்புமை முற்றிலும் தவறு என்பது பிறகுதான் விளங்கியது. மாட்டு வண்டியில் அச்சு சுழல்வதில்லை. சக்கரங்கள் இரண்டும் அச்சின் நுனியில் தனித்தனியே சுழல்கின்றன. வண்டி வளையும்போது வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். தனித்தனியாகச் சுழல்வதால் அது தானாகவே நடந்துவிடும். வண்டி மையை அச்சில் தடவினால் போதும். பழந்தமிழ் உமணர்கள் மேடுபள்ளத்துக்கு அஞ்சி ஒரு சேமவச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் சொல்லுகிறார். அவர்கள் அஞ்சியது அச்சு முறிவதற்கு மட்டுமே. காரில் அப்படியன்று. எஞ்சினின் விசையைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் தர வேண்டும். அதே சமயம் வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விட வேண்டும். ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே அவர் விருப்பப்படி நடக்கவும் விடுவதைப் போன்ற வேலை இது. அதைச் செய்கிற பல்சக்கரக் கூட்டத்துக்குத்தான் டிஃபரன்ஷியல் என்று பெயர். தமிழில் 'வேறுபாட்டுப் பல்லிணை' என்று கலைச்சொல் அகராதிகள் தரக்கூடும். எந்த மெக்கானிக்கும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் நானும் டிஃபரன்ஷியல் என்றே எழுதுகிறேன்.

இதில் எண்ணெய்க்கு என்ன அப்படியொரு முதன்மை என்று கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். மாப்பிள்ளை ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார்.

எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வருகிற தண்டின் நுனியில் பினியன் என்ற சிறு பல்சக்கரம். அது கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைக் குறுக்குவாக்கில் திருப்புகிறது. பழைய கார்களில் பினியன் சரியாகப் பெரிய சக்கரத்தின் மையத்துக்கு நேராக இருந்தது. 1920களில் அதைச் சற்றுக் கீழே இறக்கி வைக்கிற 'ஹைப்பாய்டு' என்ற அமைப்பு வந்தது. பல்சக்கரம் வெட்டும் இயந்திரங்களைச் செய்த கிளீசன் நிறுவனம் உருவாக்க, பேக்கர்டு கார்களில் 1926-இல் முதலில் இடம்பெற்றது. தண்டு கீழே இறங்கியதால் காரின் தளமும் கீழே இறங்கியது. வண்டி தாழ்ந்து அழகாயிற்று. ஆனால் அந்த அழகுக்கு ஒரு விலை இருந்தது. மையத்தில் சந்திக்கும் பற்கள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று உருளும். மையம் தவறிச் சந்திக்கும் பற்கள் உருள்வதோடு ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெயின் படலம் கிழிந்துபோகும். இரும்பும் இரும்பும் உரசி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். ஆகவே எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட வேதிப்பொருள்களைக் கலந்தார்கள். உரசும் இடத்தில் எழும் சூட்டில் அவை இரும்போடு வினைபுரிந்து ஒரு மெல்லிய பூச்சாகப் படிகின்றன. பல்லுக்குப் பதிலாக அந்தப் பூச்சு தேய்கிறது. மெக்கானிக்குகள் '90 ஆயில்' என்று சொல்லும் அந்த எண்ணெய்க்கு ஒரு தனி நாற்றம் உண்டல்லவா? அது கந்தகத்தின் நாற்றம்.

இது மட்டும் என்றால் கதை எளிது. ஆனால் டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணக்கேடு உண்டு. ஒரு சக்கரம் பனியிலோ மணலிலோ பிடிப்பை இழந்தால் விசையெல்லாம் அந்தச் சக்கரத்தின் வீண் சுழற்சியிலேயே போய்விடும். பிடிப்புள்ள சக்கரம் அசையாமல் நிற்கும். வளைவில் விரைந்து வெளியேற விரும்பும் விளையாட்டுக் கார்களுக்கு இது பெரிய இடையூறு. ஆகவே இரு சக்கரங்களுக்குமிடையே ஓரளவு உராய்வைப் புகுத்தி, ஒன்று மட்டும் தறிகெட்டுச் சுழல்வதைத் தடுக்கும் 'லிமிடெட் ஸ்லிப்' வகை வந்தது. மஸ்டாங்கில் இருந்தது அதுதான். அதற்குள் இரும்புத் தட்டுகளும் உராய்வுப் பூச்சிட்ட தட்டுகளும் அடுக்கடுக்காக மாறி மாறி வைக்கப்பட்டு, நடுவே ஒரு வில் அவற்றை அழுத்திக்கொண்டிருக்கும். நேராகப் போகையில் தட்டுகள் ஒன்றாகவே சுழலும். வண்டி வளைந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியாக வேண்டும்.

இங்கேதான் எண்ணெயின் பணி முரண்பட்டதாகிறது. பற்களுக்கிடையே அது காவல் நிற்க வேண்டும். தட்டுகளுக்கிடையே உராய்வு வேண்டும், ஆனால் அது மிருதுவான உராய்வாக இருக்க வேண்டும். வயலின் வாசிப்பவர்கள் வில்லின் மயிரில் ரோசின் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரோசின் தேய்த்த வில் தந்தியைப் பற்றி இழுக்கும், தாங்காத கணத்தில் விட்டுவிடும், மறுபடி பற்றும். ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை நிகழும் இந்தப் பற்றலும் விடலுமே நாதம். தட்டுகளுக்கிடையே இதே பற்றலும் விடலும் நிகழ்ந்தால் அது நாதமாக இராது. கார் முழுதும் நடுங்கும். அதைத் தடுப்பதற்காக எண்ணெயில் ஒரு சிறு அளவு உராய்வுத் திருத்தியைச் சேர்க்கிறார்கள். 'ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர்' என்று கடையில் கேட்க வேண்டும். ரோசின் செய்வதற்கு நேர் எதிரான வேலையை அது செய்கிறது.

இந்தத் திருத்தியின் வரலாற்றில் இலக்கிய வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் ஒரு செய்தி உண்டு, சொல்லிவிட்டுப் போகிறேன். இருபதாம் நூற்றாண்டின் முக்கால் பங்கு வரை இப்படிப்பட்ட எண்ணெய்களில் மிருதுத்தன்மைக்காகச் சேர்க்கப்பட்டவற்றுள் ஒன்று எண்ணெய்த் திமிங்கலத்தின் கொழுப்பு. 1851-இல் வெளிவந்த மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலில் கேப்டன் ஆகாப் துரத்திச் செல்கிறாரே, அந்த இனம்தான். விளக்கெரிக்க வேட்டையாடியது போய், மண்ணெண்ணெயும் மின்சாரமும் வந்தபிறகும் அந்தப் பெருவிலங்கைப் பல்சக்கரப் பெட்டிகளுக்காகக் கொன்றுகொண்டிருந்தார்கள். 1970-இல் அமெரிக்கா அதை அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்ததும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதன் வரத்து நின்றது. பிறகு ஹொஹோபா என்ற பாலைநிலச் செடியின் விதை எண்ணெயையும் செயற்கைப் பொருள்களையும் கொண்டு அந்த இடத்தை நிரப்பினார்கள். தட்டுகள் நடுங்காமல் வழுக்குவதற்காகக் கடலில் ஓர் உயிர் போயிருக்கிறது. அதற்குப் பதிலாக வந்த சிறு புட்டியைச் சேர்க்க மறப்பது அற்பமான மறதி என்று இதைத் தெரிந்துகொண்டபிறகு என்னால் நினைக்க முடியவில்லை.

சேர்க்க மறந்துதான் போயிருந்தார்கள். மாப்பிள்ளையை உட்காரவைத்து, ஒரு நோயாளியின் பூர்வோத்தரத்தைக் கேட்பதுபோல் கேட்டபோது விவரம் வெளிவந்தது. மூன்று மாதம் முன்பு பினியன் தண்டு நுழையும் இடத்திலிருந்த ஆயில் சீல் கசிந்திருக்கிறது. வேறொரு பணிமனையில் அதை மாற்றியிருக்கிறார்கள். அப்படியே பழைய எண்ணெயை இறக்கிப் புதிதாக ஊற்றியுமிருக்கிறார்கள். ரசீதை எடுத்து வந்தார். 80டபிள்யூ-90, ஜிஎல்-5 என்றிருந்தது. கலப்படமில்லாத, பெயர்பெற்ற எண்ணெய். மோசடி என்று சொல்ல ஏதுமில்லை. நடுக்கம் தொடங்கியது அதற்கு ஒரு மாதம் கழித்து.

"வண்டியோட கையேடு இருக்கா, மாப்பிள்ளை?" என்று கேட்டேன். சிரித்தார். இருக்கையின் முன்னாலுள்ள அறையில் பதின்மூன்று ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொறியாளர் வீட்டில் ஒரு தமிழாசிரியன் கார்ப் புத்தகம் படிப்பது அம்மாவுக்கு வேடிக்கையாக இருந்தது. எண்ணெய் வகைகளும் அளவுகளும் கொடுத்திருக்கும் அட்டவணை புத்தகத்தின் கடைசிப் பகுதியில் இருந்தது. பின்னச்சு என்ற வரிசையில் 75டபிள்யூ-140 செயற்கை எண்ணெய் என்றிருந்தது. அதன் தலையில் ஒரு சிறு எண். அந்த எண்ணைப் பின்தொடர்ந்து பக்கத்தின் அடிக்குப் போனால், எறும்பளவு எழுத்தில், ட்ராக்‌ஷன்-லாக் வகை அச்சில் முழுமையாக எண்ணெய் மாற்றினால் எக்ஸ்எல்-3 என்ற திருத்தியை 118 மில்லிலிட்டர் சேர்க்க வேண்டும் என்ற குறிப்பு.

உ.வே.சா. அவர்களின் பதிப்புகளோடு காலம் தள்ளுகிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூலத்தைப் படித்ததும் கண் தானாகவே பக்கத்தின் அடிக்கு இறங்கும். பாடபேதம் அங்கேதான் இருக்கும். சில வேளை பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கும். நான் செய்ததில் அறிவுக்கூர்மை ஏதுமில்லை, வெறும் தொழிற்பழக்கம். ஆனால் இரண்டு பணிமனைகளில் ஒன்றிலாவது யாராவது ஒருவர் அந்தப் பழக்கத்தோடு இருந்திருக்கலாம்.

மாப்பிள்ளை உடனே ஒப்பவில்லை. "எல்லா மஸ்டாங்லயும் அந்த மாதிரி அச்சு இருக்கும்னு சொல்ல முடியாது மச்சான். நம்ம வண்டியில இருக்கிறது அதுதானா?" என்றார். நியாயமான ஐயம். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த தாளில் அச்சுக்கான குறியீட்டு எண் மங்கியிருந்தது. பின்னச்சின் மூடியிலுள்ள திருகாணி ஒன்றில் ஒரு தகடு மாட்டியிருக்கும் என்று அவரே நினைவுகூர்ந்தார். மறுநாள் காலை வண்டியைத் தூக்கி நிறுத்தி, அதைக் கழற்றி எடுத்து வந்தார். துருவும் அழுக்குமாக ஒன்றும் தெரியவில்லை. அம்மா அதை வாங்கி, குத்துவிளக்கு விளக்குவதுபோலப் புளியை வைத்துத் தேய்த்துத் தந்தாள். எழுத்துகள் எழும்பின. 3எல்55. மூன்று புள்ளி ஐம்பத்தைந்து என்ற பல் விகிதம். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் 'எல்' என்ற எழுத்து. சாதாரண அச்சாக இருந்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். 'எல்' இருந்தால் உள்ளே தட்டுகள் உண்டு.

என்னைச் சினம்கொள்ளச் செய்தது அடிக்குறிப்பன்று, இந்தத் தகடுதான். அந்த அச்சில் எண்ணெய் இறக்குவதற்கென்று தனித் திருகு கிடையாது. பின்மூடியைக் கழற்றித்தான் இறக்க வேண்டும். மூடியைக் கழற்ற வேண்டுமென்றால் தகடு மாட்டியிருக்கும் திருகாணியையும் கழற்றியாக வேண்டும். ஆக, எண்ணெய் மாற்றிய மனிதரின் கையில் அந்தத் தகடு இருந்திருக்கிறது. அவர் அதைத் தரையில் வைத்திருக்கிறார், வேலை முடிந்ததும் பத்திரமாகத் திரும்ப மாட்டியும் இருக்கிறார். ஓர் எழுத்தைப் படிக்கவில்லை. அவர் படிப்பறிவு இல்லாதவரல்லர். 'ஆயில்தானே' என்று நினைத்தார், அவ்வளவே.

நான் சொல்ல வந்தது இந்த 'ஆயில்தானே'வைப் பற்றித்தான். எண்ணெய் விஷயத்தில் 'நல்லது', 'உயர்ந்தது', 'புதியது' ஆகிய சொற்களுக்குப் பெரும்பாலும் பொருளில்லை. 'உரியது' என்ற ஒரு சொல்லுக்கே பொருள் உண்டு. ஆனால் குறியீடுகளைத் தரவரிசையாகப் படிக்கும் நோய் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. 90 என்றால் 40-ஐவிட இருமடங்கு கெட்டி என்று நினைக்கிறோம். அப்படியில்லை, எஞ்சின் எண்ணெய்க்கும் கியர் எண்ணெய்க்கும் அளவுகோல்களே வேறு. கியர் அளவுகோலின் 90, எஞ்சின் அளவுகோலின் 40, 50 ஆகியவற்றுக்கு ஏறத்தாழ இணையானது. ஜிஎல்-5 என்றால் ஜிஎல்-4-ஐவிடப் புதியது, மேலானது என்று நினைக்கிறோம். அதுவும் இல்லை. ஜிஎல்-5-இல் கந்தக, பாஸ்பரசுச் சேர்மானம் கூடுதல். ஹைப்பாய்டு பற்களுக்கு அது வேண்டும். ஆனால் பல கியர்பெட்டிகளில் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. ஜிஎல்-4 கேட்கும் அப்படிப்பட்ட பெட்டியில், எண் கூடியிருக்கிறதே என்று ஜிஎல்-5-ஐ ஊற்றினால், இரும்பைக் காக்கிற அதே வேதிப்பொருள் பித்தளையை அரிக்கக்கூடும். அவை ஏணியின் படிகள் அல்ல, வெவ்வேறு திணைகள். குறிஞ்சியைவிட நெய்தல் உயர்ந்ததா என்று கேட்பவனைப் பார்த்துச் சிரிக்கிற நாம், கடைக்காரர் 'ஜிஎல்-5 போடுங்க சார், அதுதான் லேட்டஸ்ட்' என்றால் தலையாட்டுகிறோம்.

இதே மஸ்டாங்கின் கைக்கியர்பெட்டிக்குப் பெயரளவில் 'கியர் ஆயில்' கூடாது. தானியங்கிக் கியருக்குரிய மெல்லிய திரவத்தைத்தான் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். பெயரை நம்பிப் போனால் அங்கேயும் பிழை. மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சிறிய பின்சக்கர உந்துவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்கக் கார்களின் லிமிடெட் ஸ்லிப் வகையில் தட்டுகளை அழுத்தும் வில் இல்லை. மூடி முத்திரையிட்ட உறைக்குள் ஒரு சிலிக்கோன் திரவம் அந்த வேலையைச் செய்தது. 1994-லிருந்து வந்தவற்றில் டார்சன் என்ற முழுக்க முழுக்கப் பல்சக்கரங்களாலான அமைப்பு. இவை இரண்டுக்கும் திருத்தி தேவையில்லை. 'லிமிடெட் ஸ்லிப் என்றால் திருத்தி சேர்' என்று ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்துவைத்திருப்பவரும் தவறத்தான் செய்வார். தட்டுள்ள அச்சிலேயேகூட அளவுக்கு மீறி ஊற்றினால் தட்டுகள் பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்காமல், எந்தக் குணத்துக்காக அந்த அச்சை வாங்கினோமோ அந்தக் குணமே போய்விடும்.

உரையாசிரியர்களுள் நச்சினார்க்கினியர்மீது எனக்குப் பேரன்பு உண்டு. ஆனால் பத்துப்பாட்டு உரையில் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய் மாட்டி, தான் முன்பே முடிவுசெய்த பொருளை வருவிக்கிறார் என்று அவர்மேல் ஒரு குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. இரண்டாவது பணிமனையின் மதிப்பீட்டைப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது. நடுக்கம் இருக்கிறது, வண்டிக்கு வயதாகிவிட்டது, ஆகவே டிஃபரன்ஷியல் தேய்ந்துவிட்டது. மூன்றும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். மாட்டியவிதம்தான் தவறு. 'எப்போதிலிருந்து நடுங்குகிறது, அதற்குமுன் என்ன செய்தீர்கள்' என்ற ஒரு கேள்வி அங்கே கேட்கப்படவேயில்லை. நச்சினார்க்கினியருக்காவது மூலபாடம் முழுதும் மனப்பாடம்.

மாப்பிள்ளைக்கு வேறு கருத்து. நான் இவ்வளவு ஆவேசப்பட்டதும் அவர் தம் துறைக்காரர்களுக்காக வாதாடினார். நாளொன்றுக்கு எத்தனையோ வண்டிகள் வருகின்றன, ஒவ்வொன்றின் கையேட்டையும் விரித்து வைத்துக்கொண்டு படித்தால் தொழில் நடக்காது, அவர்களின் அறிவு காதிலும் கையிலும் இருக்கிறது என்றார். சீல் கசிவதை அந்த முதல் பணிமனைக்காரர் வண்டியைத் தூக்குமுன்பே மணத்தை வைத்துச் சொன்னாராம். "உங்களால அது முடியுமா, மச்சான்?" முடியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த துறையில் இருப்பவன் நான். அந்தக் கேள்வியின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. கையேடும் குற்றமற்றதன்று. அச்சு தண்ணீரில் மூழ்கினாலொழிய அந்த எண்ணெயை மாற்றவே தேவையில்லை என்ற பொருளில் அதே புத்தகம் பேசுகிறது. சீல் கசிந்து பாதி எண்ணெய் தெருவில் போனவருக்கு அந்த உறுதிமொழியால் என்ன பயன்? இப்படி ஒருமுறை அடைத்தால் போதும் என்று பழக்கிவிட்டதனால்தானே, மாற்ற நேர்கிற அபூர்வமான நாளில் எதை ஊற்றுவது என்ற கேள்வியே யாருக்கும் எழுவதில்லை?

ஆனாலும் நான் என் கட்சியை விடுவதாக இல்லை. காதும் கையும் அறிந்த மனிதர் தகட்டின் ஓர் எழுத்தைப் படிக்க எத்தனை நொடி ஆகியிருக்கும்? அந்த ஒரு கணத்தைச் சேமித்ததன் செலவு இன்னொருவர் வீட்டின் ஆயிரத்து எண்ணூறு டாலராகவும், கர்ப்பிணி ஒருத்தியின் தூக்கமாகவும் வந்து நின்றது. நேரமில்லை என்ற சமாதானத்தை என் மாணவர்கள் சொன்னால் நான் ஏற்பதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறவர் சொன்னால் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

அந்தச் சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக் கொட்டகையிலேயே வேலையைத் தொடங்கினார். என் பணி டார்ச் பிடிப்பது. மூடியைத் தளர்த்தியதும் எண்ணெய் தட்டில் வழிந்தது. கந்தக நாற்றம் சமையலறை வரை போய் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளேயிருந்த காந்தத்தில் சாம்பல் நிறத்தில் குழைவாக இரும்புத் துகள். பெரிய சில்லுகள் ஏதுமில்லை. பற்களின் முகத்தில் காயமில்லை. மாப்பிள்ளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்தார். மூடியின் விளிம்பைச் சுரண்டிச் சிலிக்கோன் பசை தடவி மூடினார். முதலில் திருத்தியின் சிறு புட்டி முழுதும். பிறகு 75டபிள்யூ-140, பக்கவாட்டுத் துளையின் விளிம்பை நெருங்கும்வரை, சுமார் இரண்டு லிட்டர். எண்ணெய்க்கும் திருத்திக்கும் பசைக்குமாகச் சேர்த்து நூறு டாலருக்குள் அடங்கியது.

பசை காய்வதற்காக ஓரிரவு விட்டு, ஞாயிறு காலை ஒரு பள்ளிக்கூடத்தின் வெறிச்சோடிய வாகன நிறுத்தத்துக்குப் போனோம். புதிய எண்ணெய் தட்டுகளுக்கிடையே ஊற வேண்டுமானால் எட்டு வடிவத்தில் மெதுவாகச் சுற்ற வேண்டும். வலப்புறம் ஒரு வட்டம், இடப்புறம் ஒரு வட்டம். முதல் எட்டில் பழையபடியே நடுங்கியது. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. மூன்றாவதில் சற்றுக் குறைந்ததுபோல் தோன்றியது. தோன்றலாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஏழெட்டுச் சுற்றுக்குப் பிறகு இருவருமே பேசாமலிருந்தோம். டயர் சரளையில் அரைபடும் ஒலி மட்டும் கேட்டது.

முழுதும் குணமாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். இரண்டு மாதம் வறட்சியாகப் பற்றிப் பற்றி இழுத்ததில் தட்டுகளின் முகம் ஓரளவு கெட்டிருக்க வேண்டும். குளிர்ந்த காலைகளில் பின்னோக்கி வளைத்து எடுக்கும்போது ஒரு சிறு முனகல் அப்புறமும் இருந்தது என்று எழுதியிருந்தார். மருமகள் பிறந்தாள். மருத்துவமனைக்குத் தங்கையின் நான்கு கதவு வண்டியில்தான் போனார்கள். மஸ்டாங் மேலும் இரண்டு ஆண்டு வீட்டிலிருந்தது. 2021-இல், இடம் போதாமல், விற்றுவிட்டார்கள். வாங்க வந்த இளைஞனிடம் கையேட்டின் அந்தப் பக்கத்தை மடித்துக் காட்டிக் கொடுத்தாராம். தகட்டைத் துடைத்து, பழைய திருகாணியிலேயே மாட்டியிருந்தார்.

நான் ஊர் திரும்பியபின் என் ஸ்கூட்டரின் கையேட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை.